கூட்டியது, ஆனால் உண்டாக்கவில்லை: ஐவர் கர்னியின் போர்

போர் ஒருவனைப் பைத்தியமாக்கிய கதை ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்கள் சட்டென்று சொல்லும் பெயர் செப்டிமஸ் வாரன் ஸ்மித். வர்ஜீனியா வுல்ஃபின் ‘மிஸஸ் டாலோவே’ (1925) நாவலில் வருகிறவன். ஷேக்ஸ்பியர் படிக்கிற பையன், முதல் ஆட்களில் ஒருவனாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்கிறான். போர் முடிகிற நேரத்தில் நண்பன் எவன்ஸ் செத்துப்போகிறான். தனக்கு ஒன்றுமே தோன்றவில்லையே என்று முதலில் பெருமைப்படுகிறான், பிறகு அதை நினைத்தே பயப்படுகிறான். லண்டன் பூங்காவில் குருவிகள் கிரேக்க மொழியில் பாடுவது அவனுக்குக் கேட்கிறது. கடைசியில் ஜன்னல் வழியாகக் குதித்துவிடுகிறான்.

அந்தக் கிரேக்கக் குருவிகள் போரிலிருந்து வந்தவை அல்ல. 1904-இல் அப்பா இறந்த பிறகு நோயில் படுத்துக் கிடந்த வுல்ஃபுக்குக் கேட்டவை அவை. பின்னாளில் அவரே ஒரு நினைவுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அதாவது உலகப்போர் தொடங்குவதற்குப் பத்து வருஷம் முன்பு, குண்டுச் சத்தமே கேட்டிராத ஒரு பெண்ணின் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே பாடிய குருவிகள். தன் நோயை எடுத்து ஒரு சிப்பாயின் தலையில் வைத்தார் வுல்ஃப்.

ஏன் சிப்பாய்? என் ஊகம் இது. சிப்பாயிடம் கொடுத்தால் நோய்க்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. காரணம் இருக்கிற பைத்தியத்தை வாசகர் மன்னிப்பார், அழவும் செய்வார். காரணமே இல்லாமல் வருகிற பைத்தியத்தை என்ன செய்வது என்று வாசகருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாது. வுல்ஃப் செய்ததைக் குறையாகச் சொல்லவில்லை. நாவலுக்கு அது தேவைப்பட்டது, நாவலும் மகத்தானது. ஆனால் நூறு வருஷமாகப் போர் இலக்கியத்தை நாம் வாசிக்கிற விதத்தில் ஒரு அச்சு விழுந்துவிட்டது: நல்லா இருந்தான், போருக்குப் போனான், உடைந்து வந்தான். வில்ஃப்ரெட் ஓவன், சீக்ஃபிரிட் சசூன், அவர்கள் இருந்த மருத்துவமனையை வைத்துப் பாட் பார்க்கர் எழுதிய ‘ரீஜெனரேஷன்’ (1991) என எல்லாவற்றையும் இந்த அச்சில் வைத்தே படிக்கிறோம்.

இதற்குள் அடங்காத ஒரு ஆளைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். போருக்கு முன்பே உடைந்தவர். உடைந்ததைச் சரிசெய்யவே பட்டாளத்துக்குப் போனவர். ஐவர் கர்னி. (ஐந்து பேர் இல்லை, ஒரே ஆள்தான். அவரைப் பற்றித் தமிழில் பேசினால் இந்தச் சங்கடம் தவிர்க்க முடியாதது. இனி கர்னி என்றே சொல்கிறேன்.)

*

கர்னி 1890-இல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில் ஒரு தையல்காரரின் மகனாகப் பிறந்தவர். பேராலயப் பாடகர் குழுவில் வளர்ந்து, 1911-இல் உதவித்தொகையோடு லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் சேர்ந்தார். ஆசிரியர் சார்ல்ஸ் ஸ்டான்ஃபோர்ட், தன்னிடம் படித்தவர்களிலேயே பெரிய ஆற்றல் இவனிடம்தான் இருந்திருக்கலாம், ஆனால் இவனுக்குக் கற்பிக்க முடியாது என்கிற மாதிரி சொன்னதாகக் கதை உண்டு. ஸ்டான்ஃபோர்டிடம் படித்தவர்களில் வான் வில்லியம்ஸும் ஒருவர் என்பதை நினைத்தால் அது சின்னப் பாராட்டு இல்லை.

1913-இல் கர்னி உடைந்தார். அன்றைக்கு ‘நியூராஸ்தீனியா’ என்று ஒரு சொல் இருந்தது, நரம்புத் தளர்ச்சி என்று நம்மூரில் சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். எதை வேண்டுமானாலும் அதற்குள் போட்டு மூடிவிடலாம். லண்டனை விட்டு ஊருக்கு அனுப்பினார்கள். செவர்ன் ஆற்றங்கரையில் ஃப்ரேமிலோட் என்ற இடத்தில், மதகு காவலர் ஒருவரின் வீட்டில் தங்கி, படகு ஓட்டி, உடம்பை வருத்தி வேலை செய்து, மெல்லத் தேறினார். உடம்பு களைத்தால் மூளை அடங்கும் என்பதை அப்போது கண்டுகொண்டார். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1914-இல் போர் தொடங்கியதும் சேரப் போனார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனநோய்க்காக இல்லை, கண் பார்வை சரியில்லை என்று! 1915 பிப்ரவரியில் கண்ணைப் பற்றிய கறார் கொஞ்சம் தளர்ந்தது, சேர்த்துக்கொண்டார்கள். க்ளாஸ்டர்ஷயர் படைப்பிரிவில் சாதாரண சிப்பாய்.

பிறகு நடந்ததுதான் நம் அச்சுக்கு ஒத்துவராத விஷயம். அவர் நன்றாக இருந்தார். கல்லூரித் தோழி மேரியன் ஸ்காட்டுக்கும் இசை நண்பர் ஹெர்பர்ட் ஹவல்ஸுக்கும் எழுதிய கடிதங்களில் பட்டாளத்தைத் திட்டுகிறார், அணிவகுப்பைத் திட்டுகிறார், சார்ஜென்டைத் திட்டுகிறார். கூடவே, பல வருஷமாக இல்லாத தெம்பு வந்திருக்கிறது என்றும் எழுதுகிறார். ஃப்ரேமிலோடில் கண்டுகொண்ட வைத்தியத்தை அரசாங்கச் செலவில் தொடர்கிறார் என்றே அந்தக் கடிதங்கள் எனக்குப் படுகின்றன. சேர்ந்து நடக்க ஆட்கள், நேரத்துக்குச் சாப்பாடு, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கத் தேவையில்லாத நாள்கள். நல்ல மனநல விடுதி தருகிற எல்லாமும், கூடவே துப்பாக்கியும்.

1916 மே மாதம் பிரான்ஸ் போனார். பதுங்குகுழியில்தான் கவிஞரானார். அதற்குமுன் அவர் முதன்மையாக இசைக்காரர். குழிக்குள் பியானோ இல்லை, பேப்பரும் பென்சிலும் இருந்தன, கவிதை வந்தது. இசையும் நிற்கவில்லை. மேஸ்ஃபீல்டின் வரிகளுக்கு அவர் இசையமைத்த ‘பை எ பையர்சைட்’ 1916 கோடையில், கைவிடப்பட்ட ஒரு பீரங்கி மேடையில் உட்கார்ந்து எழுதியது. முதல் தொகுப்பு ‘செவர்ன் அண்ட் சோம்’ 1917-இல் வந்தது. ஊர் ஆறு ஒன்று, போர்க்கள ஆறு ஒன்று. தலைப்பிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டார்.

*

இதே கதையை இன்னொரு ஆளிடமும் பார்க்கலாம். எட்வர்ட் தாமஸ். பத்திரிகைகளுக்கு மதிப்புரையும் கூலிக்குப் புத்தகமும் எழுதி, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றியவர். பல வருஷ மனச்சோர்வு. 1908-இல் ஒருநாள் ரிவால்வரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போய், சுடாமல் திரும்பி வந்திருக்கிறார். அதைக் கொஞ்சம் மாற்றி ‘தி அட்டெம்ப்ட்’ என்று எழுதி, 1911-இல் புத்தகத்திலும் சேர்த்துவிட்டார். 1912-இல் மனநல சிகிச்சைக்கும் போனார். 1914 டிசம்பரில், அமெரிக்க நண்பர் ராபர்ட் ஃப்ராஸ்டின் உந்துதலில், 36 வயதில் முதல்முறையாகக் கவிதை எழுத ஆரம்பித்தார். 1915 ஜூலையில் பட்டாளத்தில் சேர்ந்தார். கட்டாய ராணுவச் சட்டம் வந்ததே 1916-இல். யாரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை.

தாமஸுக்கும் பட்டாளம் ஒத்துக்கொண்டது. ஹேர் ஹால் முகாமில் வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை. வாழ்நாள் முழுக்க இங்கிலாந்தின் ஒற்றையடிப்பாதைகளில் நடந்தவருக்கு வேறென்ன வேண்டும். அந்த முகாமில் 1916 ஜனவரியில் எழுதியதுதான் ‘ரெய்ன்’. நடுராத்திரி, தகரக் கொட்டகை மாதிரி ஒரு குடிசை, மழை. தான் சாகப்போவதை நினைத்துக்கொண்டே, எங்கெங்கோ தனியாகப் படுத்து இதே மழையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களையும் நினைக்கிறது கவிதை. அதைப் போர்க்கவிதை என்று தொகுப்புகளில் போடுகிறார்கள். போடட்டும். ஆனால் அதிலுள்ள சாவின் மீதான ஈர்ப்பு போரால் வந்ததில்லை. அது 1908-இன் காட்டிலிருந்தே கூட வருகிறது. பழைய சோர்வுக்கு 1916-இல் ஒரு புதுச் சட்டை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். வெளிநாட்டுப் பணிக்குத் தானே முன்வந்து போனார். 1917 ஏப்ரல் 9, ஆர்ரா சண்டையின் முதல் நாளில் இறந்தார்.

அப்போ போய்ச் சேர்ந்ததே ஒரு நீண்ட தற்கொலையா? சிலர் அப்படிப் படிக்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த வாசிப்பு மனநோய் வரலாறு உள்ளவர் எடுக்கிற எல்லா முடிவையும் நோயின் முடிவாக மாற்றிவிடுகிறது. எதற்காகச் சண்டைக்குப் போகிறீர்கள் என்று தோழி எலினர் ஃபார்ஜன் கேட்டபோது, தாமஸ் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக் காட்டி, இதற்காகத்தான் என்றாராம். ஆரோக்கியமான ஆள் சொல்லியிருந்தால் தேசப்பற்று என்போம். தாமஸ் சொன்னால் மட்டும் அறிகுறி என்பதா?

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷமாக ராத்திரி ஒரு மாத்திரை போடுகிறவன் நான். வேலைக்குச் சேரும்போது நிரப்பச் சொல்கிற மருத்துவப் படிவங்களில் ‘மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா’ என்றொரு கட்டம் வரும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அதற்கு உண்மை, பொய் என்று இரண்டே பதில் கிடையாது. உண்மையைச் சொன்னால் இனி நான் செய்யும் தவறெல்லாம் நோயின் கணக்கில் போகும், சரியாகச் செய்வதெல்லாம் மாத்திரையின் கணக்கில் போகும். எனக்கென்று ஒன்றும் மிஞ்சாது. கர்னியின் கடிதங்களை நான் வாசித்தது இந்த மனநிலையோடுதான். அதனால் பாரபட்சம் இருக்கலாம், இருக்கட்டும்.

*

1917 ஏப்ரலில் கர்னிக்குக் கையில் குண்டடி. செப்டம்பரில் செயின்ட் ஜூலியன் அருகே விஷவாயு. எடின்பரோ பக்கம் பாங்கூர் போர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதே இலையுதிர்காலத்தில், அதே எடின்பரோவின் இன்னொரு பக்கம், க்ரெய்க்லாக்ஹார்ட்டில் ஓவனும் சசூனும் இருந்தார்கள். டாக்டர் ரிவர்ஸோடு சசூன் உட்கார்ந்து பேசியதெல்லாம் இலக்கிய வரலாறாகிவிட்டது. க்ரெய்க்லாக்ஹார்ட் அதிகாரிகளுக்கான மருத்துவமனை. கர்னி சாதாரண சிப்பாய். நம்மிடம் இருக்கிற ‘போர்ப் பைத்தியம்’ பற்றிய மிகச் சிறந்த கதைகள், டாக்டர் எதிரே நாற்காலி போட்டு உட்காரும் தகுதி இருந்தவர்களின் கதைகள்.

பாங்கூரில் ஒரு நர்ஸை நேசித்தார். அது 1918-இல் முறிந்தது. மார்ச்சில் மறுபடி உடைந்தார். பீத்தோவனின் ஆவியோடு பேசியதாக மேரியன் ஸ்காட்டுக்கு எழுதினார். ஜூனில் தற்கொலைக் கடிதம் எழுதினார், ஆனால் செய்துகொள்ளவில்லை. ‘தாமதமாக வந்த ஷெல் ஷாக்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். 1918 அக்டோபரில், போர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, பட்டாளத்திலிருந்து விடுவித்தார்கள்.

ஓய்வூதியம் வாரம் 12 ஷில்லிங். முழுத் தொகை இல்லை. காரணம், ராணுவச் சேவை அவருடைய நோயைக் கூட்டியது, ஆனால் உண்டாக்கவில்லை.

இந்த வாக்கியத்தை நான் வெகுநாள் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். இதில் பிரச்சினை என்னவென்றால், இது பொய் இல்லை. 1913 நடந்ததுதானே? பமேலா பிளெவின்ஸ் தன்னுடைய 2008-ஆம் வருஷத்துப் புத்தகத்தில் கர்னிக்கு இருந்தது இருமுனை நோய், போர் அதற்குக் காரணமல்ல என்று வாதாடுகிறார். அவர் அதைச் சொல்வது கர்னியை ‘போர் பலி’ என்ற ஒற்றைப் படத்திலிருந்து மீட்பதற்காக. அதே கருத்தைத்தான் 1918-இல் ஒரு குமாஸ்தா சொன்னார், சில ஷில்லிங்குகளை மிச்சம் பிடிப்பதற்காக. ஒரே உண்மை, யார் வாயில் எதற்காக வருகிறது என்பதைப் பொறுத்து மரியாதையாகவும் ஆகிறது, திருட்டாகவும் ஆகிறது.

குமாஸ்தாவின் கணக்கில் விட்டுப்போனது இது: சேர்த்துக்கொள்ளும்போது பட்டாளம் கர்னியை முழு ஆளாகத்தான் எடுத்துக்கொண்டது. பாதி சிப்பாய் என்று எடுக்கவில்லை. குண்டு அவர் கையில் பாதியாகப் பாயவில்லை. கணக்குத் தீர்க்கிற அன்றைக்கு மட்டும் ‘முன்பே இருந்த’ பகுதியைக் கழித்துக்கொண்டார்கள். ஜோசஃப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ (1961) எல்லோருக்கும் தெரியும்: பைத்தியம் என்றால் விமானம் ஓட்ட வேண்டாம், ஆனால் வேண்டாம் என்று கேட்டாலே நீ தெளிவானவன், போய் ஓட்டு. அது சிரிக்கவைக்கிற கற்பனை. கர்னிக்கு நடந்தது அதன் மறுபக்கம். அனுப்பும்போது தெளிவானவர், காசு கொடுக்கும்போது பழைய பைத்தியம். சிரிப்பு வரவில்லை.

சரி, அப்படியானால் சேர்க்காமலே இருந்திருக்க வேண்டுமா? 1922-இல் வந்த பிரிட்டிஷ் ஷெல் ஷாக் விசாரணைக் குழுவின் அறிக்கை ஏறக்குறைய அதைத்தான் சொன்னது: ஆள் எடுக்கும்போதே மனநிலையைக் கவனமாகச் சலித்து எடுங்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மனநலக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இருந்தும் போர்க்களத்தில் ஆட்கள் உடைவது நிற்கவில்லை. சலித்து எடுத்த ‘நல்ல’ ஆட்களே கும்பல் கும்பலாக உடைந்தார்கள். யார் உடைவார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்ல அந்தச் சல்லடையால் முடியவில்லை. ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் நெற்றியில் அது எழுதியது மட்டும் நிலைத்தது.

கர்னியைச் சலித்து வெளியே தள்ளியிருந்தால் விஷவாயு இல்லை, குண்டடி இல்லை. ‘செவர்ன் அண்ட் சோம்’ புத்தகமும் இல்லை. இதை நான் போருக்கு ஆதரவாகச் சொல்லவில்லை. ஒரு புத்தகத்துக்காக ஒருத்தன் விஷவாயு குடிக்க வேண்டும் என்று எந்த விமர்சகனுக்கும் கேட்க உரிமையில்லை. ஆனால் அவர் போனார், போக விரும்பினார், போன இடத்தில் இரண்டு வருஷம் நன்றாகவும் இருந்தார். இதை அவருடைய வாழ்க்கையிலிருந்து நீக்கிவிட்டு அவரை வாசிக்க முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

*

அந்த அறிக்கை வந்த அதே 1922-இல்தான் கர்னியை மனநோயாளி என்று சான்றளித்து உள்ளே வைத்தார்கள். முதலில் க்ளாஸ்டரில் பார்ன்வுட் ஹவுஸ், டிசம்பரில் டார்ட்ஃபோர்ட் விடுதி. அங்கே 15 வருஷம். மின்சாரத்தாலும் வானொலி அலைகளாலும் தன்னைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று நம்பினார். வெளியே விடுங்கள், இல்லையென்றால் சாக விடுங்கள் என்று போலீசுக்கும் மற்றவர்களுக்கும் கடிதம் கடிதமாக எழுதினார். கவிதையும் எழுதிக்கொண்டே இருந்தார். மேரியன் ஸ்காட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினார். அந்தப் பெண் இல்லையென்றால் இந்தக் கட்டுரையும் இல்லை.

போரைப் பற்றிய அவருடைய மிகச் சிறந்த கவிதைகள் பல, போர் முடிந்து வருஷங்கள் கழித்து எழுதியவை. ‘தி சைலன்ட் ஒன்’ என் கணக்கில் அந்தப் போரைப் பற்றிய ஆங்கிலக் கவிதைகளிலேயே முதல் வரிசையில் வைக்கவேண்டியது. முள்வேலியில் ஒருவன் செத்துத் தொங்குகிறான். உயிரோடு இருந்தவரை தன் வட்டார மொழியில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன். பக்கத்தில் கவிதைசொல்லி படுத்திருக்கிறார். அப்போது ஒரு அதிகாரி, மேட்டுக்குடி நாசூக்கோடு, அதோ ஒரு ஓட்டை இருக்கிறது, ஊர்ந்து போக முடியுமா என்று கேட்கிறார். தேநீர் வேண்டுமா என்று கேட்கிற குரல். கவிதைசொல்லியும் அதே மரியாதையோடு, முடியாதுங்க ஐயா என்கிறார். ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. படுத்தபடி இசையை நினைத்துக்கொள்கிறார்.

ஓவனின் கவிதைகளில் இருக்கிற உரத்த துயரம் இதில் இல்லை. சசூனின் கோபமும் இல்லை. ஒரு சிப்பாய், கட்டளையை மறுக்கிறார், அதுவும் மரியாதை குறையாமல். கோழைத்தனம் என்றும் சொல்லவில்லை, வீரம் என்றும் சொல்லவில்லை. நிலைமையை அளந்து பார்த்து எடுத்த முடிவு. ஓட்டை இருக்கிறது என்று சொல்கிற அதிகாரிக்கு முன்னால், இல்லை என்று பார்க்கிற கண் தெளிவாக வேலை செய்கிறது. 1914-இல் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்களே, அந்தக் கண். இந்தக் கவிதையை எழுதியவரைத்தான் புத்தி பேதலித்தவர் என்று சான்றிதழ் சொல்கிறது. சான்றிதழும் உண்மைதான், கவிதையும் உண்மைதான். ஒன்றைக் காட்டி மற்றொன்றை ரத்து செய்ய முடியாது.

1930-களில் ஒருநாள் டார்ட்ஃபோர்டுக்கு ஹெலன் தாமஸ் வந்தார். எட்வர்ட் தாமஸின் மனைவி. கர்னிக்குத் தாமஸின் கவிதைகள் மீது பெரும் பற்று, சிலவற்றுக்கு இசையும் அமைத்திருந்தார்.  அடுத்த தடவை வரும்போது கணவர் வைத்திருந்த க்ளாஸ்டர்ஷயர் நில வரைபடங்களை எடுத்து வந்தார், கைபட்டுத் தேய்ந்த பழைய வரைபடங்கள். கட்டில்மேல் விரித்தார்கள். கர்னி ஒரு விரலை வைத்து, ஒரு பாதையைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார். இந்த மேட்டில் ஏறினால் என்ன தெரியும், இந்த வளைவில் எந்த ஊர், எங்கே பாலம் என்று சொல்லிக்கொண்டே போனார். ஹெலனும் பக்கத்திலிருந்து விரல் வைத்தார். அந்த ஒரு மணி நேரம் அவர் அந்த அறையில் இல்லை என்று ஹெலன் பிறகு எழுதினார்.

1937 டிசம்பர் 26 அன்று கர்னி காசநோயில் இறந்தார். அவருடைய பாடல்களைப் பற்றி ஒரு இசைப் பத்திரிகை சிறப்புப் பகுதி வெளியிட இருந்தது. அச்சுப்படிகளை முன்பே விடுதிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். உறையைப் பிரித்துப் பார்க்கும் தெம்பு அப்போது அவருக்கு இல்லை.